மூன்றாமவருக்கு இடமில்லாத மஞ்சள் கார்

திருகோணமலை அன்புவழிபுரத்து வீட்டில் இரண்டு முருங்கை மரங்களையும் ஒரு சோம்பேறிப் பூனையையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். வெளிநாட்டு வாகனங்களை மறுபடியும் இறக்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்ததோடு அந்த நிம்மதி போயிற்று. நான் வேலை பார்த்த ஷோரூமில் இப்போது விற்பனையில் இருக்கும் துஷ்யந்தன் அடிக்கடி போன் எடுக்கிறான்.

"மிஸ், சீனத்துக் கரண்ட் கார் ஒண்டு வந்து நிக்குது. மிதிச்சா முதுகு சீற்றோட ஒட்டுது. சனம் ஓடிப் பார்க்குது, வாயைப் பிளக்குது. பிறகு இறங்கி முன்னுக்குப் போய்ச் சின்னத்தைப் பார்க்குது. 'இது என்ன பேர் தம்பி, கேள்விப்படேல்லையே' எண்டு கேட்டுப்போட்டு வீட்ட போகுது. நீங்கள் அந்த மஞ்சள் காரை எப்படி வித்தனீங்கள்?"

எல்லாருக்கும் அந்த மஞ்சள் கார்தான் வேண்டும். நான் எத்தனை வான், எத்தனை லொறி விற்றிருப்பேன். பாவம், அவற்றைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. போனில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது. அதனால் எழுதிவிடுகிறேன், இனிக் கேட்பவர்கள் இதை வாசித்துக்கொள்ளட்டும்.

நான் அங்கே டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். விற்பனைக்கு இருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கனடா போய்விட்டார். முதலாளி தவராசா ஐயா என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "பிள்ளை, நாளையிலயிருந்து நீதான்" என்றார். எனக்கு அப்போது சைக்கிள் தவிர வேறொன்றும் ஓடத் தெரியாது. ஓடப் பழக்கினார்கள். பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் குதிரை வலு என்றார், இழுவிசை என்றார், எத்தனை விநாடியில் எவ்வளவு வேகம் பிடிக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். மலைப் பாதையில் ஓட்டிக் காட்டினால் வாங்குபவர் மனம் இளகும் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் மலையென்றால் கோணேசர் கோயில் ஏற்றம்தான். அதிலும் பாதி வழியில் மான் குறுக்கே நின்று உங்களை மேலும் கீழும் பார்க்கும். அந்தப் பாடத்தை நான் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மிச்சத்தைத் தவராசா ஐயாவிடம் படித்தேன். ஐயா கதிரையில் சாய்ந்து இருந்ததை ஒருவரும் கண்டதில்லை, நுனியில்தான் இருப்பார். வெள்ளைச் சட்டை, அதன் பையில் கொத்தாக வாகனத் திறப்புகள். அவர் வேலையில் சில ஒழுங்குகள் இருந்தன, கோயில் பூசை மாதிரி ஒன்றும் மாறக்கூடாது. துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று பளபளப்பான எதையும் விட்டுவைக்காது என்பதால், ஒவ்வொரு வாகனத்தின் மூக்கிலும் இருக்கும் சின்னத்தை அவரே பற்பொடி போட்டுத் துடைப்பார். பூட்டும் நேரத்தில் அதன்மேல் ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுவார். காலையில் அதை அவிழ்க்கும்போது பார்க்க வேண்டும், பிள்ளைக்குக் குல்லா கழற்றுகிற மாதிரித்தான். அடுத்தது, முன்சில்லு இரண்டும் வீதியை நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். வாங்க வந்தவர் இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைக்கும்வரை வாகனத்தைப் பற்றி ஒரு கதை கூடாது. அவராகக் கேட்கும்வரை பொனட்டைத் திறக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே பாலம். யார் எந்த வாகனத்தை ஓட்டிப் பார்ப்பதென்றாலும் ஐயா அவரைச் சீனக்குடா வழியாகக் கிண்ணியாப் பாலத்துக்குத்தான் கூட்டிப்போவார். போகும்போது ஐயா ஓட்டுவார், வாங்குபவர் பக்கத்தில் இருப்பார். பாலத்தின் மேல் இருவரும் வாய் திறக்கக் கூடாது. அக்கரையில் இடம் மாறி, வரும்போது வாங்குபவர் ஓட்டிவருவார். உயரமான வாகனத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், தோணிகள், தூரத்தில் துறைமுகம். "பாலத்துக் காத்து பாதி வியாபாரத்தை முடிச்சுப்போடும் பிள்ளை" என்பார். உண்மைதான். எத்தனையோ பேர் அக்கரையில் இறங்கும்போதே விலையைக் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது எங்களிடம் அபூர்வம். மஞ்சள் கார் வருவதற்கு முன்னால் இரண்டு விற்றேன், இரண்டும் பழையவை. பெயரெல்லாம் கேட்காதீர்கள், சொன்னால் இரண்டு காரின் கட்சிக்காரர்களும் என் வீட்டு வாசலில் சண்டைக்கு வந்து நிற்பார்கள். முதலாவது ஜேர்மன் கார், உலகமே அறிந்த சின்னம். ஆனால் அந்த மொடலில் எஞ்சின் சின்னது. வாங்க வந்தவர் கட்டிட ஒப்பந்தக்காரர். நான் மறைக்காமல் சொன்னேன், "சேர், இதின்ட எஞ்சின் நீங்கள் நினைக்கிறளவு இல்லை." அவர் சிரித்தார். "மிஸ், எஞ்சின் பொனட்டுக்குள்ள கிடக்கு. அதை ஆர் பார்க்கிறது? சின்னம் வெளியில இருக்கு." காரைத் தன் கந்தோருக்கு முன்னால் மூக்கு வீதிக்குத் தெரிய நிறுத்திவைத்துவிட்டு, வேலைத்தளங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தார். கார் உழைக்கத் தேவையில்லை, நின்றாலே அவருக்கு வேலை வந்தது.

இரண்டாவது ஜப்பான் கார். அதே நிறுவனம் எங்கள் ஊரில் வான் விற்றுப் பேர் எடுத்தது, ஆனபடியால் சின்னத்தைக் கண்டவர்களுக்கு மீன் ஏற்றும் வான்தான் ஞாபகம் வரும். எஞ்சினோ புலி. அதை வாங்கியவர் ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த ஒரு பொறியியலாளர். தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் குனிந்து புகைக்குழாயில் காதை வைத்துக் கேட்டார். உடனே எடுத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும், சின்னத்தைக் கழற்றிவிட வேண்டும். ஏன் சேர் என்று கேட்டேன். "இந்தப் பேரைக் கண்டா என்ட மாமா 'மீன் வானுக்கா இவ்வளவு காசு' எண்டு கேட்பார். பேர் இல்லாட்டி ஏதோ பெரிய கார் எண்டு நினைச்சுப் பேசாமல் இருப்பார்" என்றார். தவராசா ஐயா பற்பொடி போட்டு வளர்த்த சின்னத்தைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே, சின்னம் வெளியில் நிற்பவருக்கு, எஞ்சின் உள்ளே இருப்பவருக்கு, ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் இந்த இரண்டு சாதிதான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

அப்போதுதான் கொழும்புக் கம்பனி மனேஜர் அந்த மஞ்சள் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். புத்தம் புதிது. நல்ல மாம்பழ மஞ்சள். சின்னமும் பெரிசு, எஞ்சினும் பெரிசு. இரண்டே கதவு, இரண்டே சீற். மனேஜர் தேத்தண்ணி குடிக்கும் முன்னமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கிழக்கில் ஒரு ஏஜென்சி போதும் என்று கம்பனி நினைக்கிறது. இந்தப் பெரிய சின்னத்தைத் தாங்கக்கூடிய ஊர் திருகோணமலை என்று காட்ட வேண்டும். மாதம் முடிய லொறியோடு திரும்பி வருவார். கார் அதற்குள் விற்றிருந்தால் ஏஜென்சி இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் காரும் பெயர்ப்பலகையும் ஒரே லொறியில் மட்டக்களப்புக்குப் போகும்.

ஏஜென்சி போனால் ஷோரூமைப் பூட்ட வேண்டியதுதான். கார் கழுவும் ஆள்வரை எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். என் கணவருக்கு அந்த வருஷம் வேலை இல்லை, இரண்டு மகள்மாரும் பள்ளிக்கூடம். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கம் என்ன. ஐயா சின்னத்தை ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைக்கத் தொடங்கினார்.

கார் வந்ததும் ஊரே திரண்டது, எல்லாம் படம் எடுக்க. ட்யூஷன் பிள்ளைகள் வந்தார்கள். கடற்படைப் பொடியன்கள் வந்தார்கள். ஒரு படப்பிடிப்பாளர் கேட்காமல் கொள்ளாமல் ஒரு கலியாணச் சோடியையே கொண்டுவந்து, மாப்பிள்ளையைப் பொனட்டில் சாய்த்து வைத்தார். ஐயா கோபிக்கவில்லை. "நாளைக்கு வாங்குற ஆக்களாயிருக்கலாம்" என்று அவர்களுக்கும் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். இஞ்சிதான் முடிந்தது, கார் நின்ற இடத்திலேயே நின்றது.

மாதத்தின் கடைசிக் கிழமையில் நூர்தீன் ஹாஜியார் வந்தார். கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருப்பவர். எங்களிடம் முன்னமே இரண்டு லொறியும் ஒரு உயரமான ஜீப்பும் வாங்கியவர். கட்டாரில் மகனைப் பார்க்கப் போன இடத்தில் இந்தச் சின்னத்தைக் கண்டு மனம் வைத்துவிட்டாராம்.

"தங்கச்சி, அங்க ஷேக்மாரெல்லாம் இதுலதான் போறாங்க. கிண்ணியாவுல இத ஆரு கொண்டு வாறது? நான்தானே கொண்டு வரணும்" என்று என்னிடம் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவராகவே பொனட்டைத் திறக்கச் சொன்னார். ஐயா என்னைப் பார்த்த பார்வையில் ஏஜென்சிப் பலகை பழையபடி சுவரில் ஆணியடித்து நின்றது.

அங்கேதான் பிழை நடந்தது. ஐயா தன் ஒழுங்கை மாற்றாமல் ஹாஜியாரைப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டே சீற் என்பதால் நான் கடை வானில் பின்னால் போனேன். முன்னால் அந்த மஞ்சள் கார் வீதியோடு வீதியாகப் படுத்துக்கொண்டு போகிறது. பாலத்தில் ஏறியதும்தான் அது எனக்கு விளங்கியது. எனக்கு வானிலிருந்து தண்ணீர் தெரிகிறது, தோணி தெரிகிறது. காருக்குள் இருப்பவருக்குப் பாலத்தின் கரைக்கட்டுத்தான் தெரியும். போதாக்குறைக்கு எதிரே அரிசி ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்தது. ஹாஜியாருடைய ஆலை லொறியேதான், எங்களிடம் வாங்கியது. முதலாளியைக் கண்ட டிரைவர் மரியாதைக்கு லொறியை நிறுத்திக் கண்ணாடிக்கு வெளியே தலையைப் போட்டு, கீழே எட்டிப் பார்த்தான்.

"ஹாஜியார், என்ன கீழ கெடக்கிறீங்க?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டான்.

அக்கரையில் ஹாஜியார் ஓட்டுவதற்கு இடம் மாறவில்லை. கதவைப் பிடித்து, இடுப்புச் சாரனைப் பிடித்து, ஒருவாறு எழும்பி வந்து என் வானில் ஏறிக்கொண்டார். "என்னை ஊட்டடியில உட்டுடுங்க தங்கச்சி" என்றார்.  போகும் வழியில், "நான் ஜீப்புல போனா சனம் என்னை நிமிந்து பாக்கும். இதுல நான்தான் எல்லாரையும் நிமிந்து பாக்கணும். காசையும் குடுத்துக் குனியவும் வேணுமா?" என்று கேட்டார்.  கொழும்பில் எனக்குச் சொல்லித்தந்த குதிரை வலு ஒன்றும் அந்தக் கேள்விக்கு உதவாது. கண்ணாடியில் பார்த்தேன், ஐயா மஞ்சள் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு எங்கள் பின்னால் வருகிறார். செத்தவீட்டுக்குப் போகிறவர் முகம்.

ஹாஜியாரின் வீடும் ஆலையும் ஒரே வளவுக்குள். நெல் காயப்போடும் சீமெந்துக் களம் மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது, ஒரு மூலையில் மட்டும் நெல் குவித்திருந்தது. சத்தம் கேட்டு அவருடைய மனைவி ஸபியா ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். கட்டையான, குண்டான, சிரித்த முகம். வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதா நீங்க சொன்ன கார்?"

"வேணாம் புள்ள. இது படுத்துக்கிட்டுப் போற வாகனம்" என்றார் ஹாஜியார். "ரெண்டு பேருக்குத்தான் இடம். பேரப் புள்ளைகள எங்க ஏத்துற? உங்கட மைனி எங்க இரிக்கிற?"

ராத்தா கதவைத் திறக்கச் சொன்னார். ஐயா திறந்தார். ராத்தா திரும்பிநின்று, பிஸ்மி சொல்லி, பொத்தென்று உள்ளே விழுந்தார். நாங்கள் எல்லாரும் பதறிப்போனோம். அவர் காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, ஏதோ சொந்தக் குசினி அடுப்படியில் இருப்பவர் மாதிரி அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"ஒங்கட ஜீப்புல ஏற எனக்கு முக்காலி வேணும். இதுல விழுந்தாப் போதும்" என்றார். பிறகு பக்கத்துச் சீற்றைக் கையால் தட்டிச் சொன்னார்: "கலியாணம் முடிச்ச நாளையிலயிரிந்து நாம ரெண்டு பேரும் தனியா ஒரு வாகனத்துல போயிரிக்கமா? லொறின்டா நெல் மூடைகள். ஜீப்புன்டா மைனி, மைனிட புள்ளைகள், ஆசுபத்திரிக்குப் போற அடுத்தூட்டு ஆக்கள். இதுல ஒருத்தரும் ஏற ஏலாது. எனக்கு இது நல்லாத்தான் இரிக்கி."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா காரைப் பார்த்தார். அந்த இரண்டு சீற்றைப் பற்றி எத்தனை பேருக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லியிருப்போம்.

"திறப்ப தாங்க. ஒருக்கா ஓட்டிப் பாப்பம்" என்றார் ராத்தா.

"நீங்கள் கார் ஓடுவீங்களோ அம்மா?" என்று ஐயா தயங்கினார்.

"சண்டை, பிரச்சின காலத்துல டிரைவர்மார் வர ஏலாம நின்டப்ப தம்பலகாமத்து வயலுலயிரிந்து உழவு மெசின்ல நெல் ஏத்திக்கிட்டு வந்தது ஆருன்டு இவர்ட்ட கேளுங்க."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு, "அவதான்" என்றார்.

லைசன் இல்லாதவர் கையில் திறப்பைக் கொடுப்பது ஐயாவின் வாழ்நாளில் நடக்காத காரியம். அவர் கை சட்டைப் பையை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு என் மகள்மாரின் பள்ளிக்கூடச் சப்பாத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஐயா, இது வீதியில்லை, களம். குடுங்கோ" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமலே அந்தப் பைக்குள் நானே கையை விட்டுத் திறப்பை எடுத்துக் கொடுத்தேன். அந்தத் துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

ராத்தா ஹாஜியாரைப் பார்த்து, "வாங்க, ஏறுங்க" என்றார்.

முதல் சுற்று மெதுவாகப் போயிற்று, நெல் துழாவுகிற மாதிரி. ஆலைக்காரர் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது, சுத்தமாக, ஒரு இடறலும் இல்லாமல். அடுத்த சுற்றில் அந்த எஞ்சின் முதன்முறையாகத் தன் குரலைக் காட்டியது. ஷோரூமில் நின்று படம் பிடிபட்ட கார்தானா இது என்று எனக்கே சந்தேகம். களத்தில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. கார் நேரே நெல் குவியலை நோக்கிப் பாய்ந்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. ராத்தா பிரேக் பிடித்தார், குவியலுக்கு முன்னால் நட்டுவைத்தது மாதிரிக் கார் நின்றது. ஒரு நெல்மணி உருளவில்லை.

கொழும்பில் படம் போட்டுக் காட்டிய பாடம் முழுவதும் அந்தக் களத்தில் எனக்கு விளங்கியது.

எஞ்சின் நின்ற பிறகும் அவர்கள் இறங்கவில்லை. கண்ணாடி பூட்டியிருந்தது. உள்ளே இருவரும் ஏதோ கதைப்பது தெரிகிறது, என்ன கதை என்று கேட்கவில்லை. ஒரு தரம் ஹாஜியார் சிரித்தார். ஒரு தரம் ராத்தா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, போய்ப் பொனட்டைத் திறந்து காட்டட்டோ?" என்று என் காதுக்குள் கேட்டார்.

"பேசாமல் நில்லுங்கோ ஐயா. பாலத்தில வாய் திறக்கப்படாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றேன்.

கடைசியில் ஹாஜியார் சாரனைப் பிடித்துக்கொண்டு எழும்பி வெளியே வந்தார். பாலத்தில் கண்ட டிரைவரும் லொறியைத் திருப்பிக்கொண்டு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜியார் ஒருவரையும் பார்க்கவில்லை. காரைச் சுற்றிப் போனார், மற்றக் கதவைத் திறந்தார், கையை நீட்டினார். ராத்தா அந்தக் கையைப் பிடித்து மெல்ல எழும்பினார்.

"விழுறதுக்கு நான், எழுப்புறதுக்கு நீங்க" என்று அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஆலைக்காரர்கள் முகத்தை அங்காலே திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஹாஜியார் கையை உடனே விடவில்லை. அப்படியே நின்று எங்களைப் பார்த்து, "தவராசா அண்ணன், ஊட்டுக்குள்ள வாங்க, கதைப்பம்" என்றார்.

மனேஜர் லொறியோடு வந்தபோது கார் நின்ற இடத்தில் ஐயா ஒரு பூச்சாடியை வைத்திருந்தார். மனேஜருக்கு அது பிடித்துக்கொண்டது, ஆனால் கம்பனிக்கு அவர் காரணம் சொல்ல வேண்டுமாம். சின்னத்தைப் பார்த்து எடுத்தார்களா, ஓட்டத்தைப் பார்த்து எடுத்தார்களா என்று கேட்டார். "நீயே சொல்லு பிள்ளை" என்றார் ஐயா. சின்னம் ஹாஜியாரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது, ஓட்டம் ராத்தாவைச் சிரிக்கவைத்தது, ஆனால் விற்றது மூன்றாவது சீற் இல்லாததுதான் என்று சொன்னேன். மனேஜர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். வெறும் லொறி கொழும்புக்குப் போயிற்று. பெயர்ப்பலகை சுவரில் இருந்தது, நான் ஓய்வு பெறும்வரை அதன் கீழேதான் இருந்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மகள்மாரைக் கட்டிப்பிடித்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

இறக்குமதி பூட்டிக் கிடந்த வருஷங்களில் அந்தக் காருக்கு ஆசைப்பட்டுக் கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் கிண்ணியாவுக்குப் போனார்கள். ஹாஜியார் எல்லாருக்கும் சாப்பாடு கொடுத்து அனுப்பினாராம். கார் கொடுக்கவில்லை.

போன கிழமை கடற்கரைப் பக்கம் மரக்கறி வாங்கப் போனேன். அந்த மாம்பழ மஞ்சள் மெதுவாக வந்து மரநிழலில் நின்றது. சின்னத்தை உப்புக்காற்று தின்றிருந்தது, என்ன கார் என்று இனி வாசிக்க முடியாது. ஓட்டிவந்தது ராத்தா, அந்த வருஷமே லைசன் எடுத்தவர். அவர் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்து இப்போது திடமாக நடக்கிறார். ஹாஜியாருக்குத்தான் இடுப்புப் பிடித்துவிட்டது. ராத்தா இறங்கினார், காரைச் சுற்றி வந்தார், மற்றக் கதவைத் திறந்து கையை நீட்டினார். வீதியில் போன சனமெல்லாம் நின்று பார்த்தது.

உள்ளேயிருந்து ஹாஜியார் என்னைக் கண்டுவிட்டார். தாடி முழுக்க வெள்ளை. ராத்தாவின் கையைப் பிடித்தபடியே, எழும்பாமல், நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"சுகந்தி தங்கச்சி, இன்னும் கீழதான் கெடக்கன்" என்றார்.